கண்மாயிலும் கடலிலும் ஒரே இரத்தம்

வடகிழக்குப் பருவமழை நிரப்பிவைத்த அபிராமத்துக் கண்மாயின் புதுநீரில் வளர்ந்த ஒரு ஜிலேபி கெண்டையையும், இராமேசுவரத்தை அடுத்த கடலோரக் கழியின் உப்புநீரிலேயே வளர்ந்த அதன் இனத்து மீன் ஒன்றையும் எடுத்து, இரண்டின் இரத்தத்திலும் துளித்துளி பெற்று, அவற்றில் கரைந்துள்ள உப்பின் செறிவை அளந்து பார்த்தால், இரண்டு அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கக் காண்போம். கண்மாயின் புதுநீரிலோ லிட்டருக்கு ஒரு கிராம் உப்பும் இருப்பதில்லை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் மழையற்ற மாதங்களில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் அளவுக்கு உப்பு உண்டு. புறத்தே இத்தனை பேதம் இருந்தும் அகத்தே பேதம் இல்லை. கடலின் செறிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்ற அளவிலேயே எலும்பு மீன்களின் இரத்தம் நின்றுவிடுகிறது. அந்த நிலையிலிருந்து அது சற்று அதிகமாக விலகினாலும் மீன் உயிர் பிழைப்பதில்லை. இந்தச் சமநிலையை இடையறாது காத்துவரும் சரீர வேலை எத்தகையது என்பதும், அவ்வேலையை ஏவி நடத்தும் சுரப்புநீர்களாகிய ஹார்மோன்கள் யாவை என்பதும் இந்த அத்தியாயத்தின் பொருள்.

வேலை என்று சொல்லக் காரணம் உண்டு. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் மெல்லிய சவ்வுகளை ஊடுருவிச் செல்வது இயற்கையின் நியதி. பாம்பனிலும் மண்டபத்திலும் கருவாடு போடுகிறவர்கள் இந்த நியதியை நாள்தோறும் கையாளுகிறார்கள்: மீனைக் கீறி உப்பிட்டு அடுக்கிய சில மணி நேரத்துக்குள் தசையிலிருந்த நீர் வெளியேறித் தொட்டியின் அடியில் தேங்குகிறது. உப்பில் இட்ட செத்த மீன் வற்றிச் சுருங்குகிறது. அதே கடலின் உப்புக்குள் பிறந்து வளர்ந்து முதிர்கின்ற உயிருள்ள மீனோ வற்றுவதில்லை. கடல்மீனைச் சூழ்ந்திருக்கும் நீரும் கருவாட்டுத் தொட்டியின் உப்பைப் போலவே அதன் உடல்நீரை உறிஞ்ச முயன்றுகொண்டுதான் இருக்கிறது. செதிலும் தோலும் ஓரளவு தடுப்பவை என்றாலும், மூச்சுக் காற்றுக்காக இரத்தத்தையும் புறநீரையும் மிக மெல்லிய சுவருக்கு இருபுறமும் கொண்டுவந்து நிறுத்தும் செவுள்கள் அவ்வாறு தடுக்க இயலாதவை. பிராணவாயு நுழையும் வாயிலை அடைத்துவிட்டு மீன் வாழ முடியாது. திறந்திருக்கும் அந்த வாயில் வழியே நீரும் உப்பும் போக்குவரவு செய்வதைத் தவிர்க்கவும் முடியாது.

ஆகவே கண்மாயில் வாழும் மீனுக்கு வரும் ஆபத்தும் கடலில் வாழும் மீனுக்கு வரும் ஆபத்தும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. கண்மாய் மீனின் உடலுக்குள் நீர் ஓயாமல் புகுகிறது; இரத்தத்தின் உப்பு ஓயாமல் கசிந்து வெளியேறுகிறது. அது நீர் குடிப்பதே அரிது. புகுந்த நீரைச் சிறுநீரகம் உப்பற்ற மூத்திரமாக ஏராளமாக வெளியேற்றுகிறது. நாளொன்றுக்கு உடலெடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இது செல்லும். இழந்த உப்பை உணவிலிருந்தும், உப்பு மிக அரிதாக உள்ள அந்தக் கண்மாய் நீரிலிருந்தே செவுள்களின் மூலமும் அது மீட்டுக்கொள்கிறது. இவ்வாறு செவுள்கள் நன்னீரிலிருந்து உப்பைச் சேகரிப்பதை டென்மார்க்கின் உடலியல் மேதை ஆகஸ்ட் குரோக் விரிவாக ஆராய்ந்து 1939-ஆம் ஆண்டில் நூலாகவே எழுதினார்.

கடல்மீனின் கதையை அவிழ்த்தவர் அமெரிக்கரான ஹோமர் ஸ்மித். உடலால் உறிஞ்சப்படாத ஒரு சிவப்புச் சாயத்தைக் கடல்நீரில் கலந்து, அதில் விலாங்கு முதலிய மீன்களை விட்டு, பிறகு அவற்றின் குடலைத் திறந்து பார்த்தபோது, சாயம் வெளிநீரில் இருந்ததைவிட அடர்ந்து குடலுக்குள் தங்கியிருந்தது. மீன் கடல்நீரைக் குடிக்கிறது, குடித்த நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது, உறிஞ்சமுடியாத சாயம் எஞ்சுகிறது என்பது அதனால் ஐயமற நிறுவப்பட்டது. 1930-இல் வெளியான இந்த ஆராய்ச்சி எளிமையில் எனக்கு எப்பொழுதும் வியப்பூட்டுவது. உப்பு நீரைக் குடித்துத் தாகம் தணிய வேண்டுமானால், குடித்த உப்பை வேறு வழியே கழிக்க வேண்டும். மீனின் சிறுநீரகத்துக்கோ இரத்தத்தைவிடச் செறிந்த மூத்திரத்தை உண்டாக்கும் சக்தி கிடையாது. மக்னீசியம், சல்பேட் ஆகியவற்றை மட்டுமே அது சிறிதளவு மூத்திரத்தோடு வெளியேற்றுகிறது. குடித்த நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதி குடலிலேயே கார்பனேட்டாகப் படிந்து வெண்ணிறக் கட்டிகளாக மலத்தோடு வெளியேறுகிறது. எஞ்சுவது நம் சமையலறையின் உப்பாகிய சோடியம் குளோரைடு. அளவில் மிகுந்ததும் அதுவே. அது வெளியேறும் வாயில் செவுளே என்பதை விலாங்கின் இதயத்தையும் செவுளையும் தனியே பிரித்து இயங்கவைத்து ஆன்சல் கீஸ் 1931-இல் காட்டினார். அடுத்த ஆண்டில் அவரும் வில்மர் என்பவரும் செவுளில் அதற்கெனவே அமைந்த பெரிய உயிரணுக்களை அடையாளங்கண்டு, அவையே குளோரைடைச் சுரப்பவை என்று கருத்துரைத்தனர்.

இவ்வளவும் மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் நிகழ்ந்தவை. எனினும் இந்தச் சாஸ்திரத்துக்கும் இராமநாதபுரம் கடற்கரைக்கும் உள்ள உறவு சிறியதன்று. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971-இல் கொச்சிக்கு மாறும்வரையில், மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1950-களில் அதன் தலைவராக இருந்த என். கே. பணிக்கர் இளமையில் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்தில் இறால்களின் உப்புச் சமநிலையை ஆராய்ந்து பெயர்பெற்றவர். வெப்பமான நீரில் உடலின் உப்புச் சமநிலையைக் காப்பது எளிதாகிறது என்றும், உஷ்ணப் பிரதேசங்களில் கடல் உயிர்கள் கழிமுகங்களுக்கும் நன்னீருக்கும் ஏராளமாகக் குடியேறியிருப்பதற்கு அது ஒரு காரணம் என்றும் 1940-இலேயே எடுத்துரைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் பாக் நீரிணையின் கரையில் வந்து அமர்ந்தது பொருத்தமே. கடலோடு வாய் திறந்தும் அடைபட்டும் கிடக்கும் கழிகள், மாரியில் நன்னீராகவும் கோடையில் கடலைக் காட்டிலும் கரிக்கும் உவர்நீராகவும் மாறுகின்ற பூமி இது. மண்டபத்தருகே உள்ள இத்தகைய கழி ஒன்றின் இயல்பையும் மீன்வளத்தையும் அந்நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். எஸ். தம்பி ஆராய்ந்து 1959-இல் கட்டுரை வரைந்தார்.

அந்நிலையத்துக்கு 1952-இல் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தது ஜிலேபி கெண்டை. அதன் தாய்நாடு ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரை. மொசாம்பிக் என்ற தேசப் பெயரையே அதன் விஞ்ஞானப் பெயரும் தாங்கியிருக்கிறது. எவ்வாறு என்று தெளியாத வண்ணம் 1930-களில் அது ஜாவாத் தீவின் கடற்கரைக் கழியொன்றில் தோன்றியது. முஜாயிர் என்ற கிராமவாசி அதைப் பிடித்து, உப்புநீரில் சிறிது சிறிதாக நன்னீரைக் கலந்து பழக்கித் தம் குளத்தில் வளர்த்தார் என்பது அந்நாட்டார் பெருமையுடன் கூறும் வரலாறு. அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவி, இலங்கை வழியாக நம் கரையை அடைந்தது. வறட்சியைப் பொறுக்கும், எதையும் தின்னும், முட்டைகளைத் தாய் வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும் இந்த மீன், ஏழைகளின் உணவுக்கு உதவும் என்ற நல்லெண்ணத்தால் கொண்டுவரப்பட்டது. அது விரைவிலேயே மற்ற மீன்களின் இரையையும் இடத்தையும் பறிப்பதாயிற்று; அதைப் புதிய நீர்நிலைகளில் பெருக்கலாகாது என்று 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடைவிதித்தது. தடை காகிதத்தில் நின்றது. மீன் கண்மாய்தோறும் பரவிற்று. அயிரையும் குரவையும் விராலும் துள்ளிய நீரில் அது பெருகியதற்காக நான் வருந்துகிறவன்தான். ஆயினும் மீன்களின் உப்புச் சமநிலையை ஹார்மோன்கள் ஆளும் விதத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதியை இந்த மீனே போதித்தது என்பதையும் மறைக்கலாகாது.

மேலே சொன்ன நன்னீர் வேலையும் கடல்நீர் வேலையும் நேர்மாறானவையாதலால், இரண்டு நீரிலும் வாழவல்ல மீன் தன் செவுள், குடல், சிறுநீரகம் மூன்றையும் சூழ்நிலைக்கு ஏற்ப மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் உப்பை உள்ளிழுத்த செவுள் மற்றோரிடத்தில் உப்பை வெளித்தள்ள வேண்டும். நீரைத் தொடாத குடல் நீரைக் குடித்து உறிஞ்ச வேண்டும். தாராளமாக மூத்திரம் பெய்த சிறுநீரகம் கையிறுக்கம் காட்ட வேண்டும். உடலின் வெவ்வேறு மூலைகளில் உள்ள இந்த அங்கங்களுக்கு ஒரே சமயத்தில் ஆணை போகவேண்டுமானால், அந்த ஆணை இரத்தத்தின் வழியாகவே போக வேண்டும்.

ஆணை பிறக்குமிடத்தைத் தேடியவர்களுக்கு முதல் தடயம் கிடைத்தது மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில். அமெரிக்கக் கடற்கரையின் கழிமுகங்களில் வாழும் கில்லி என்ற சிறு மீனிடமிருந்து இச்சுரப்பியை அகற்றிவிட்டால், அது கடல்நீரில் பிழைத்திருக்கிறது, நன்னீரில் விட்டால் சில நாட்களில் உப்பை இழந்து மடிகிறது என்பது கண்டறியப்பட்டிருந்தது. சுரப்பியின் பல சாறுகளில் எது அதன் உயிரைக் காத்து வந்தது? யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேஸ் பிக்ஃபோர்டு என்ற அம்மையாரும் பிலிப்ஸ் என்பவரும் ஒவ்வொன்றாகப் பரீட்சித்து, பாலூட்டிகளிடமிருந்து பிரித்தெடுத்த புரோலாக்டினைச் செலுத்திய மீன்கள் மட்டுமே நன்னீரில் பிழைக்கின்றன என்று 1959-இல் வெளியிட்டனர். தாய்மார்களின் மார்பில் பாலைச் சுரக்கச் செய்வதும், புறாவின் தொண்டைப் பையில் குஞ்சுக்கு ஊட்டும் பாலை உண்டாக்குவதுமாக அதுவரை அறியப்பட்டிருந்த பொருள், பாலே இல்லாத மீனிடத்தில் உப்பைக் காக்கும் காவலனாக இருந்தது. பாலூட்டிகள் உலகில் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே மீன்கள் வாழ்ந்தன என்பதைக் கருதினால், உடலின் நீரையும் உப்பையும் ஆள்வதே இந்த ஹார்மோனின் ஆதித் தொழில் என்றும், பாலூட்டல் பின்னால் வந்து சேர்ந்த கடமை என்றும் எண்ணுவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஜிலேபி கெண்டை இந்த ஆராய்ச்சிக்குள் நுழைந்தது அடுத்த பத்தாண்டுகளில். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹோவர்ட் பெர்ன் என்ற பேராசிரியரின் குழுவினர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தர்மாம்பா என்ற, நம் செவிக்கு அந்நியமல்லாத பெயருடைய ஆராய்ச்சியாளர் அக்குழுவினரோடு சேர்ந்து 1967-இல் வெளியிட்ட கட்டுரை, பிட்யூட்டரி அகற்றிய ஜிலேபி கெண்டையையும் நன்னீரில் பிழைக்கவைப்பது புரோலாக்டினே என்றும், அதன் இரத்தச் செறிவு வீழாமல் தாங்குவதும் அதுவே என்றும் நிரூபித்தது. இந்த மீனில் ஒரு தனி வசதியும் உண்டு. கடுகளவே ஆன அதன் பிட்யூட்டரியின் முன்பகுதியில் புரோலாக்டினைச் சுரக்கும் உயிரணுக்கள், வேறு வகை அணுக்கள் அதிகம் கலவாமல் ஒரே திரளாகச் செறிந்திருப்பதால், நுண்ணோக்கியின் அடியில் கூரிய கத்தியால் அப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து ஒரு கிண்ணத்து நீரில் உயிருடன் வைத்திருக்க முடிகிறது. கிண்ணத்து நீரின் உப்பைச் சற்றே குறைத்தால் போதும். மூளையின் கட்டளையோ நரம்பின் தூண்டுதலோ இன்றி, அந்த அணுக்கள் நீரை ஏற்றுச் சற்று உப்புகின்றன, அவற்றுள் கால்சியம் பாய்கிறது, சில நிமிஷங்களுக்குள் புரோலாக்டின் வெளிப்படத் தொடங்குகிறது. உப்பைக் கூட்டினால் சுரப்பு அடங்குகிறது. ஆணையிடும் சுரப்பியே இரத்தத்தின் உப்பை நேரே உணரும் கருவியாகவும் இருக்கிறது. கோடை முடிந்து முதல் வெள்ளம் கண்மாயில் இறங்கும்போது அங்கே எஞ்சியிருந்த மீன்களின் தலைக்குள் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே எனலாம்.

வெளிப்பட்ட புரோலாக்டின் செவுள்களை அடைந்து, அவற்றின் மேற்பரப்பை நீரும் உப்பும் எளிதில் கசியாதபடி இறுக்குகிறது. உப்பை வெளித்தள்ளும் வகையைச் சேர்ந்த அணுக்களை ஒடுக்கி, நன்னீரிலிருந்து சோடியத்தையும் குளோரைடையும் ஈர்க்கும் வகை அணுக்களை ஊக்குகிறது.

கடலை நோக்கித் திருப்பும் ஆணை வேறோரிடத்திலிருந்து வருகிறது. மனிதனுக்குச் சிறுநீரகத்தின் உச்சியில் தனிச் சுரப்பியாக அமைந்துள்ள அட்ரினல், மீனுக்குத் தலையை ஒட்டிய முன் சிறுநீரகத்துக்குள் சிதறிய அணுக்களாகவே இருக்கிறது. நம் உடலில் உப்பைக் காக்க ஆல்டோஸ்டிரோன் என்றும், அதிர்ச்சியைத் தாங்கக் கார்ட்டிசால் என்றும் இருவேறு ஹார்மோன்கள் உண்டு. மீனுக்கு இந்த இரண்டு பொறுப்பையும் பெரும்பாலும் கார்ட்டிசாலே சுமக்கிறது. உப்பு மிகுந்த நீரில் விடப்பட்ட மீனின் இரத்தத்தில் சில மணி நேரத்துக்குள் கார்ட்டிசால் ஏறுகிறது. அதன் ஏவலால், வளர்ச்சி ஹார்மோனின் துணையோடு, செவுளின் குளோரைடு அணுக்கள் பெருத்துப் பெருகி, சோடியத்தை இறைக்கும் புரதங்களையும் அதற்குச் சக்தி அளிக்கும் நுண்ணுறுப்புகளையும் திரளாக உண்டாக்கிக்கொள்கின்றன. குடலும் நீரை உறிஞ்சும் திறன் பெறுகிறது.

அந்த அணுக்கள்தாம் உண்மையில் உப்பைச் சுரக்கின்றனவா என்பது கீஸ் காலத்திலிருந்து ஐம்பது ஆண்டுகள் வரை முற்றும் தீராத வழக்காக இருந்தது. செவுள் பல மடிப்புகளைக் கொண்ட சிக்கலான உறுப்பாதலால் அதன் ஓர் அணுவைத் தனியே பார்ப்பது எளிதாக இல்லை. ஜிலேபி கெண்டையின் செவுள்மூடியைத் தூக்கி அதன் உட்புறத்தைப் பார்த்தால், எலும்பின்மேல் ஈரமாகப் படிந்திருக்கும் ஒரு மெல்லிய தோல் தெரியும். மீன் கழுவுகிற எவரும் விரல் நுனியால் உரித்தெடுக்கக் கூடியது அது. செவுளில் உள்ள அதே வகை அணுக்கள் அந்தத் தோலிலும், தட்டையான பரப்பில், ஒன்றிலிருந்து ஒன்று சற்று விலகி அமைந்துள்ளன. கடல்நீரில் பழகிய மீனின் அந்தத் தோலை உரித்து, இரண்டு சிறு அறைகளுக்கு நடுவே சாளரத்துத் திரைபோல மாட்டி, அதன்மேல் அதிரும் நுண்ணிய மின்முனை ஒன்றை நகர்த்திச் சென்றார்கள் ஃபாஸ்கெட், ஷெஃபி என்ற இருவர். வெற்றுத் தோலின்மேல் மின்முனை மௌனமாயிருந்தது. குளோரைடு அணு ஒவ்வொன்றின் குழிவாய்க்கு நேரே வந்தபோது மின்னோட்டம் எழுந்தது. உப்பு வெளியேறுவது அந்தக் குழிகளிலிருந்தே என்பது 1982-இல் இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. குளோரைடு வெளியேறும் அந்த வாசலாக இருக்கும் புரதம் மனித உடலிலும் உண்டு. அது பழுதாகப் பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற கொடிய நோய் வருகிறது.

ஆணை விரைந்து பிறந்தாலும் அது நிறைவேறக் காலம் பிடிக்கும். நன்னீரில் வளர்ந்த ஜிலேபி கெண்டையைத் திடீரென்று முழுக் கடல்நீரில் விட்டால், அதன் அணுக்கள் புதிய தொழிலைக் கற்குமுன்பே நீரை இழந்து பெரும்பாலும் மடிந்துவிடுகிறது. லிட்டருக்கு இருபது கிராம் உப்புள்ள நீரில் சில நாட்கள் நிறுத்தி அதன்பின் கடலில் விட்டால், முதல் நாளில் ஏறிய இரத்தச் செறிவு தானே இறங்கிப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. மீன் இரைதேடத் தொடங்குகிறது. படிப்படியாக உயர்த்திப் பழக்கிய இம்மீன்கள், கடலைப்போல மூன்று மடங்குக்கு மேலாக, லிட்டருக்கு 120 கிராம் உப்புள்ள நீரிலும் உயிர்தாங்கியது பதிவாகியுள்ளது. வாலிநோக்கத்து உப்பளங்களில் பாத்திக்கு விடுமுன் வெயிலில் காய்ந்து கெட்டிப்படும் நீரை ஒத்த செறிவு அது.

புரோலாக்டின், கார்ட்டிசால் என்ற இந்த இரண்டு தலைவர்களைத் தவிர வேறு சில சுரப்புகளும் உண்டு. மூளை உண்டாக்கும் வாசோடோசின் சிறுநீரகத்தின் போக்கைத் திருத்துகிறது. வால் எலும்பின் முடிவில் மீன்களுக்கே உரியதாக அமைந்த ஒரு நரம்புச் சுரப்பி யூரோடென்சின் என்ற பொருளைத் தருகிறது. ஜெர்மானியரான ஸ்டேனியஸ் 1839-இல் சிறுநீரகத்தின்மேல் கண்ட சிறு உருண்டைகள், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடல்நீரிலிருந்து அது அளவுக்குமேல் உடலில் ஏறாமல் தடுக்கின்றன. ஒவ்வொன்றும் தனி அத்தியாயத்துக்கு உரியது.

இந்த அறிவு மீன் வளர்ப்போருக்கு நேரே பயன்படுவது. பாம்பன், இராமேசுவரம் கரைகளில் கோடையின் தொடக்கத்தில் ஓதம் ஏறித் தங்கும் குட்டைகளில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பால்மீன் குஞ்சுகள் விரற்கடை நீளங்கூட இல்லாமல் திரளாக வந்து சேரும். அவற்றைச் சேகரித்து வளர்ப்புக் குளங்களுக்குக் கொண்டுசெல்வது மண்டபம் நிலையத்தின் காலத்திலிருந்தே நடந்துவரும் முயற்சி. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைக் குஞ்சு பொரிக்கச் செய்வதில் வெற்றி கண்டபின், உப்புநீர்ப் பொரிப்பகத்திலிருந்து கொடுவாக் குஞ்சுகள் நன்னீர்க் குளங்களுக்கும் செல்கின்றன. பிடிப்பதும் அடைப்பதும் வண்டியில் குலுங்குவதும் குஞ்சின் கார்ட்டிசாலை உயர்த்துகின்றன. பயத்தில் வேகங்கொண்ட இரத்தவோட்டம் செவுளில் கசிவை மிகுவிக்கிறது. இந்த நிலையில் முற்றிலும் அந்நியமான நீரில் கொட்டப்பட்ட குஞ்சு, வெளிக்காயம் ஏதுமின்றியே, மறுநாள் மிதக்கிறது. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் நன்னீர்க் குஞ்சுகளைக் கொண்டுசெல்லும் நீரில் சிறிது உப்பிடுவதன் காரணமும் இதுவே: புறநீரின் செறிவு இரத்தத்தின் செறிவை நெருங்க நெருங்க, உப்பு கசிவதும் நீர் புகுவதும் குறைந்து, குஞ்சின் உழைப்பும் குறைகிறது. கடலோரக் குஞ்சை உள்நாட்டுக் கண்மாய்க்குக் கொணர்வோர், தொட்டி நீரின் உப்பை நாளுக்குச் சிறிதாகக் குறைத்து, செவுளின் அணுக்கள் பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலுக்கு மாறச் சில நாட்கள் இடங்கொடுத்து, குஞ்சுகள் தாமே இரையெடுக்கத் தொடங்கியதைக் கண்டபின்னரே அவற்றைத் திறந்துவிட வேண்டும்.